நிரலுக்கு நிறம் வந்த கதை

சிஎன்சி டர்னிங் மெஷின் ஓட்டுகிறவர்களுக்கு ‘ஜி00 எக்ஸ்62. இசட்2.’ என்ற வரியை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். டூலை 62 மில்லிமீட்டர் விட்டத்துக்கு நேராகவும், கடையும் துண்டாகிய ஜாபின் முகப்பிலிருந்து 2 மில்லிமீட்டர் தள்ளியும், முழு வேகத்தில் கொண்டுபோய் நிறுத்து என்பது அந்த வரியின் கட்டளை. 62-க்குப் பின்னாலும் 2-க்குப் பின்னாலும் இருக்கிற புள்ளிகளைக் கவனியுங்கள். அவற்றை அடிக்க மறந்துவிட்டால், ஃபானுக் வகைக் கண்ட்ரோல்கள் பலவற்றில் அது 62 மைக்ரான், 2 மைக்ரான் என்றாகிவிடும். அதாவது டூல் ஜாபின் நட்டநடு மையத்துக்கு, முகப்பை ஒட்டி, ரேபிட் வேகத்தில் பாயும். முகப்பில் ஒரு மில்லிமீட்டர் மெட்டீரியல் கூடுதலாக இருந்தால் போதும். இன்சர்ட் நொறுங்கும், ஹோல்டர் வளையும், டரட்டின் அலைன்மென்ட் போகும். அதைச் சரிசெய்யும் வரை மெஷின் சும்மா நிற்கும்.

கண்ட்ரோலில் ஒரு பாராமீட்டரை மாற்றிவைத்தால் புள்ளி இல்லாவிட்டாலும் மில்லிமீட்டர் என்றே எடுத்துக்கொள்ளும். ஆனால் ஒரே பட்டறையில் பழைய மெஷின் ஒன்று, புதிது ஒன்று, இரண்டுக்கும் வேறு வேறு செட்டிங் என்று இருக்கும்போது ஆபத்து கூடத்தான் செய்கிறது. ஒன்றில் ஒழுங்காக ஓடிய புரோகிராம் அடுத்ததில் போய் இடிக்கும்.

எங்கள் திருமுல்லைவாயிலுக்கு ஒரு பக்கம் அம்பத்தூர் எஸ்டேட், மறுபக்கம் ஆவடி டாங்கித் தொழிற்சாலை. ஊருக்குள்ளேயே சிட்கோ மகளிர் தொழிற்பேட்டை இருக்கிறது. இந்த வட்டாரத்தில் ஜி-கோட் என்ற இந்த மெஷின் மொழி புரியாத தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இங்கே ஒரு சிறு பட்டறையில் புரோகிராம் எழுதுகிற தம்பி ஒருவர் தன் கம்ப்யூட்டர் எடிட்டரில் ஒரு விதி எழுதி வைத்திருக்கிறார். எக்ஸ், இசட் எழுத்துகளுக்குப் பின்னால் வரும் எண்ணில் புள்ளி இல்லையென்றால், அந்த எண் மட்டும் கண்ணைப் பறிக்கிற சிவப்பில் தெரியும். ஜி00 ஆரஞ்சு, வெட்டிக்கொண்டே நகரச் சொல்லும் ஜி01 பச்சை, அடைப்புக்குறிக்குள் எழுதும் கமென்ட் மங்கிய சாம்பல். எந்த எடிட்டர் கம்பெனியும் அவருக்கு இந்தச் சிவப்பைக் கொடுக்கவில்லை. தன் தொழிலில் எந்தத் தவறுக்கு விலை அதிகம் என்று அவருக்குத் தெரியும், அதற்கு அவரே நிறம் கொடுத்துக்கொண்டார்.

நிரலில் சொற்களுக்கு நிறம் கொடுப்பதை சிண்டாக்ஸ் ஹைலைட்டிங் என்கிறோம். ஐ.டி. வேலைக்குப் போகிறவர்கள் காலை முதல் இரவு வரை இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கீவேர்டு ஒரு நிறம், மேற்கோளுக்குள் இருப்பது ஒரு நிறம், கமென்ட் ஒரு நிறம். எடிட்டரோடு கூடப் பிறந்த விஷயம்போல இருப்பதால், இதை யார் தொடங்கினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. நிறத்தை நம் இஷ்டத்துக்கு மாற்றும் வசதி பிற்பாடு ஒட்டிய அலங்காரம் என்றே பலரும் நினைக்கிறார்கள். கதை வேறு மாதிரி.

நிறத்துக்கு முன்னால் தடித்த எழுத்து இருந்தது. 1960-இல் ஆல்கால் என்ற மொழியை வகுத்தவர்கள், அதன் ஆணைச் சொற்களை அச்சில் தடித்த எழுத்தில் போட்டார்கள். தடித்துப் போட்டால் அது மொழியின் சொல், சாதாரணமாக இருந்தால் நிரலர் வைத்த பெயர். இதே வேலையை நம் பதிப்பாசிரியர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே செய்திருக்கிறார்கள். ஓலைச்சுவடியில் மூலமும் உரையும் இடைவெளியில்லாமல், பெரும்பாலும் மெய்க்குப் புள்ளிகூட இல்லாமல், ஒரே ஓட்டமாக ஓடும். 1887-இல் உ.வே.சா. சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த காலத்தில் பதிப்பாசிரியரின் முதல் உழைப்பே எது பாட்டு, எது உரை, எது மேற்கோள் என்று பிரித்துக் காட்டுவதுதான். படிக்கிறவன் கண் ஒரு வரியில் பட்டதும் ‘இது எந்த வகை’ என்று தெரிய வேண்டும் என்ற தேவை கம்ப்யூட்டருக்கு மிக மூத்தது.

நிறத்தின் முதல் வரவு ஒரு விளையாட்டுப் பெட்டியில் நடந்தது. மேட்டல் கம்பெனி இன்டெலிவிஷன் என்ற வீடியோ கேம் கருவியை விற்றுவந்தது. அதோடு ஒரு கீபோர்டை இணைத்து, குழந்தைகள் பேசிக் மொழியில் புரோகிராம் எழுதும்படி 1983-இல் ஒரு துணைக்கருவியை வெளியிட்டார்கள். அதற்காக 1982-இல் அனிடா கிளாக், ஜான் சோடக் என்ற இருவர் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். அடிக்க அடிக்க, ஆணைச் சொல் ஒரு நிறத்திலும், மாறி வேறு நிறத்திலும், எண் இன்னொரு நிறத்திலும் வரும் ஏற்பாடு அது. நிரலுக்கு நிறம் கொடுத்த அமைப்புகளில் நமக்குத் தெரிந்து இதுவே முதல். புதிதாகக் கற்கும் சிறுவர்களுக்கு எளிதாக இருக்கட்டும் என்பதுதான் நோக்கம். பெரிய ஆய்வுக்கூடம் எதிலும் பிறக்காமல், டிவி முன்னால் உட்கார்ந்த பிள்ளைகளுக்காகப் பிறந்தது என்பது எனக்குப் பிடித்த செய்தி. ஆனால் அங்கே நிறம் கம்பெனி வைத்த நிறம். பிள்ளைகள் மாற்ற முடியாது.

மாற்றும் உரிமை பிறந்த இடம் ஓர் அகராதி அலுவலகம். இந்தக் கட்டத்தைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும்.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் முதல் பதிப்பு 1928-இல் நிறைவுபெற்றது. 1972 முதல் நான்கு துணைத் தொகுதிகள் வந்தன. பழையதையும் புதியதையும் ஒரே வரிசையில் கோர்த்து இரண்டாம் பதிப்பு கொண்டுவருவது என்று 1984-இல் வேலையைத் தொடங்கினார்கள். கையால் வெட்டி ஒட்டினால் முடியாது என்பதால் முழு அகராதியையும் கம்ப்யூட்டரில் ஏற்ற முடிவெடுத்தார்கள். அமெரிக்காவில் 120-க்கும் மேற்பட்ட தட்டச்சர்கள் உட்கார்ந்து சுமார் 35 கோடி எழுத்துகளை அடித்தார்கள். இங்கிலாந்தில் 55 பேர் பிழை திருத்தினார்கள். கருவிகளையும் ஆட்களையும் ஐபிஎம் கொடுத்து உதவியது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனைப் புரட்டியவர்களுக்கு அந்த அலுவலகத்தின் சிக்கல் உடனே விளங்கும். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த நூல் அது. ஒரு சொல்லை எடுத்தால் தலைச்சொல், ரோமன் எழுத்தில் ஒலிப்பு, இலக்கண வகை, சொல்லின் மூலம், ஆங்கிலப் பொருள், தமிழ்ப் பொருள், எந்த நூலில் வருகிறது என்ற மேற்கோள் என்று ஐந்தாறு வகைச் செய்திகள் இரண்டு மூன்று வரிக்குள் அடங்கியிருக்கும். அச்சில் எழுத்துருவும் அடைப்புக்குறியும் அவற்றைப் பிரித்துக் காட்டும். இவ்வளவையும் அடையாளக் குறிகளோடு கம்ப்யூட்டரில் அடித்து, ஒரே நிறத்தில், ஒரே அகல எழுத்தில் திரையில் காட்டினால், அகராதி ஆசிரியரால் ஒரு பக்கம்கூட வாசிக்க முடியாது. குறி எது, சொல் எது என்றே தெரியாது.

ஐபிஎம்மின் பிரிட்டிஷ் பொறியாளர் மைக் கோலிஷா இதற்காக 1985-இல் எழுதிய எடிட்டரின் பெயர் லெக்ஸ். ரெக்ஸ் என்ற மொழியைப் படைத்தவரும் அவரே. லெக்ஸின் முக்கியமான வேலை, திரையில் இருப்பதை அது மாற மாறப் பகுத்துப் பார்த்து, ஒவ்வொரு கூறுக்கும் அதற்குரிய நிறத்தையும் எழுத்து வடிவையும் கொடுப்பது. நிறம் கொடுப்பதைவிட அவர் எடுத்த இன்னொரு முடிவுதான் பெரியது. எதை எப்படிப் பகுக்க வேண்டும் என்பதை அவர் எடிட்டருக்குள் புதைத்துவைக்கவில்லை. பகுக்கும் நிரலைப் பயன்படுத்துகிறவரே எழுதி எடிட்டரோடு சேர்த்துக்கொள்ளலாம். அகராதிக்கு ஒன்று, புரோகிராமுக்கு ஒன்று, கடிதத்துக்கு ஒன்று. 1987-இல் ஐபிஎம் ஆய்வு இதழில் கோலிஷா இதைப் பற்றி விரிவாக எழுதினார். இருபது தொகுதிகளாக அகராதி 1989-இல் வெளிவந்தது. லெக்ஸின் வழிவந்த எல்பெக்ஸ் என்ற எடிட்டர் ஐபிஎம் கருவிகளுக்குள் பின்னரும் நெடுங்காலம் தொடர்ந்தது.

திருமுல்லைவாயில் தம்பி புள்ளியில்லாத எண்ணுக்குச் சிவப்பு கொடுத்ததும், ஆக்ஸ்ஃபோர்டுக்காரர்கள் தலைச்சொல்லுக்கு ஒரு நிறம் கொடுத்ததும் ஒரே வேலை. எதற்கு எந்த நிறம் என்பதை எழுதுகிறவரே முடிவு செய்யலாம் என்பது சிண்டாக்ஸ் ஹைலைட்டிங்கின் குழந்தைப் பருவத்திலேயே வந்துவிட்டது.

நம் ஊருக்கு நிறம் வந்தது நீலத் திரையில். பூந்தமல்லி, ஆவடி பக்கத்து இன்ஜினியரிங் கல்லூரிகளில் படித்த ஒரு தலைமுறைக்கே போர்லாண்ட் கம்பெனியின் டர்போ சி++ தான் முதல் எடிட்டர். நீலப் பின்னணி, மஞ்சள் எழுத்து, கீவேர்டு மட்டும் வெள்ளை. 1990-களின் தொடக்கத்தில் வந்த மென்பொருளை 2000-க்குப் பிறகும் நம் லேப்களில் விடாமல் ஓட்டினார்கள். அதன் ஆப்ஷன்ஸ் மெனுவில் நிறத்தை மாற்றும் இடம் ஒன்று இருந்தது. லேப் கம்ப்யூட்டரில் செட்டிங்கைத் தொட்டால் திட்டு விழும் என்பதால் பெரும்பாலோர் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அங்கேயும் ‘கீவேர்டுக்கு எந்த நிறம்’ என்று மாற்றலாமே தவிர, ‘எது கீவேர்டு’ என்று நாம் சொல்ல முடியாது. ஜி-கோடைத் திறந்தால் டர்போ சி++ திணறும்.

இரண்டையும் நம் கையில் கொடுத்தவை யுனிக்ஸ் உலகத்து எடிட்டர்கள். ஈமாக்ஸில் 1990-களின் தொடக்கத்திலேயே ஃபான்ட்-லாக் என்ற பகுதி வந்தது. அதைத் தொடங்கியவர் ஜேமி சவின்ஸ்கி. 1998 பிப்ரவரியில் பிராம் மூலனார் வெளியிட்ட விம் 5.0-இல் வந்த ஏற்பாடு இன்னும் தெளிவானது. ‘இந்தச் சொற்கள் எல்லாம் இந்த வகை’ என்பது ஒரு கோப்பு. ‘இந்த வகைக்கு இந்த நிறம்’ என்பது வேறொரு கோப்பு. முதல் கோப்பை அந்த மொழி தெரிந்தவர் எழுதினால் போதும். இரண்டாவதை யார் வேண்டுமானாலும் தன் கண்ணுக்கு ஏற்ப எழுதிக்கொள்ளலாம். மொழி தெரிந்தவருக்கு நிறத்தைப் பற்றிக் கவலையில்லை, நிறம் தேர்ந்தெடுப்பவருக்கு மொழியே தெரிய வேண்டியதில்லை. இந்தப் பிரிவினைதான் இன்று நாம் தீம் என்று ஆயிரக்கணக்கில் இறக்கிக்கொள்ளும் எல்லாவற்றுக்கும் அடித்தளம்.

2004-இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஆலன் ஓட்கார்ட் மேக் கம்ப்யூட்டருக்காக டெக்ஸ்ட்மேட் என்ற எடிட்டரை வெளியிட்டார். வகைகளுக்குப் பெயர் வைப்பதில் அவர் ஓர் ஒழுங்கைக் கொண்டுவந்தார். மேற்கோளுக்குள் இருப்பது ‘ஸ்டிரிங்’. அதிலும் இரட்டை மேற்கோள் என்றால் ‘ஸ்டிரிங்.கோட்டெட்.டபுள்’. பொதுவிலிருந்து நுணுக்கத்துக்குப் புள்ளி வைத்துக்கொண்டே போகலாம். தீம் எழுதுகிறவர் பொதுவான பெயருக்கு மட்டும் நிறம் வைத்தால் கீழே உள்ள எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். வேண்டுமானால் ஒன்றை மட்டும் தனியே மாற்றலாம். 2006-இல் விமர் ஹேசன்பர்க் இதற்காகச் செய்த மோனோகாய் என்ற தீம் இன்றும் பலர் திரையில் இருக்கிறது. டெக்ஸ்ட்மேட்டைப் பார்த்தே இராதவர்களும் அதன் விதிமுறையில்தான் வேலை செய்கிறார்கள். ஏனென்றால் சப்ளைம், ஆட்டம், 2015-இல் வந்த விஷுவல் ஸ்டுடியோ கோட் எல்லாம் அதையே எடுத்துக்கொண்டன.

விஎஸ் கோட் வைத்திருப்பவர்கள் இதை இப்போதே பார்க்கலாம். கன்ட்ரோல்-ஷிஃப்ட்-பி (P) அழுத்தி, டோக்கனையும் ஸ்கோப்பையும் ஆராயும் ‘இன்ஸ்பெக்ட்’ கட்டளையைத் தேர்ந்தெடுத்து, நிரலில் ஏதாவது ஒரு சொல்லின் மேல் கர்சரை வையுங்கள். அந்தச் சொல்லை எடிட்டர் எந்த வகையாகப் பார்க்கிறது, தீமின் எந்த விதி அதற்கு நிறம் கொடுத்தது என்று ஒரு பெட்டி விரியும். அந்த வகைப் பெயரைக் குறித்துக்கொண்டு, செட்டிங்ஸ் கோப்பில் டோக்கன் நிறங்களுக்கான பகுதியில் அதற்கு ஒரு நிறமும், வேண்டுமானால் தடிப்போ அடிக்கோடோ கொடுத்துச் சேமித்தால் உடனே மாறும். முழுத் தீமையும் தூக்கிப் போட வேண்டியதில்லை.

அடிக்கோடு என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத கண்கள் நம்மிடையே உண்டு, பெரும்பாலும் ஆண்களுக்கு. பல தீம்கள் சேர்த்த வரியைப் பச்சையிலும் நீக்கிய வரியைச் சிவப்பிலும் மட்டுமே காட்டுகின்றன. அப்படிப்பட்ட ஒருவருக்கு இரண்டும் ஒரே மண்ணிறம். நிறத்தோடு வடிவத்தையும் மாற்றிக் கொடுக்க முடிவது அவருக்கு வேலையையே காப்பாற்றும் விஷயம்.

நிறத்தால் உண்மையில் நன்மை உண்டா என்ற கேள்வியையும் தாண்டிப் போகக் கூடாது. 2015-இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த அத்வைத் சர்கார், கண் அசைவைப் பதிவுசெய்யும் கருவியை வைத்து ஒரு சிறு சோதனை நடத்தினார். நிறம் இருந்தபோது நிரலைப் புரிந்துகொள்ளும் நேரம் குறைந்தது. அனுபவம் கூடக் கூட அந்த நன்மை மங்கியது. 2018-இல் வெளியான இன்னொரு ஆய்வில், தொடக்கநிலை மாணவர்கள் 390 பேரிடம் நிறம் கொடுத்தும் கொடுக்காமலும் கேள்வி கேட்டுப் பார்த்தார்கள். விடைகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை.

இந்த முடிவு எனக்கு ஆச்சரியமாக இல்லை. எல்லோருக்குமான பொது நிறம் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்ததையே மறுபடி காட்டுகிறது. ‘இஃப்’ ஒரு கீவேர்டு என்று எனக்கு ஊதா நிறம் வந்து சொல்ல வேண்டியதில்லை. எனக்கு எது தெரியாமல் நழுவுமோ அதைக் காட்டும் நிறமே எனக்குப் பயன்படும். அதைத் தீம் செய்தவர் எங்கோ உட்கார்ந்து ஊகிக்க முடியாது. பட்டறைக்காரருக்கு அது புள்ளி. பேங்க் மென்பொருள் எழுதுகிறவருக்கு அது பணத்தை மிதவைப்புள்ளி (ஃப்ளோட்) எண்ணாக வைத்த மாறியாக இருக்கலாம். ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று விட்டுவைத்த கமென்டுகள் மறந்துபோகும் பழக்கம் எனக்கு உண்டு, அவற்றுக்கு மட்டும் என் எடிட்டரில் பளிச்சென்ற மஞ்சள்.

ஜி-கோடுக்கான விதி எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். பட்டறைகளில் பரவலாக இருப்பது நோட்பேட்++. 2003-இல் டான் ஹோ வெளியிட்ட இலவச எடிட்டர். அதில் ‘யூசர் டிஃபைன்ட் லாங்வேஜ்’ என்ற ஜன்னலைத் திறந்து, முதல் கட்டத்தில் ஜி0, ஜி00 என்றும், அடுத்த கட்டத்தில் ஜி1, ஜி01 என்றும் அடித்து நிறம் தேர்ந்தெடுக்கலாம். அடைப்புக்குறியைக் கமென்டாகக் காட்டவும் இடம் உண்டு. கோடிங்கே தெரியாத செட்டரும் பத்து நிமிடத்தில் செய்துவிடலாம். ஆனால் ‘புள்ளி இல்லாத எண்’ என்பதை அந்த ஜன்னலில் சொல்ல முடியாது. அது சொற்களைப் பட்டியல் போட்டு அறியும், வடிவத்தை அறியாது. வடிவத்துக்கு ரெகுலர் எக்ஸ்பிரஷன் வேண்டும், அதற்கு விஎஸ் கோட் மாதிரி ஒன்று வேண்டும். விதியை வாயால் சொன்னால் இப்படி இருக்கும். எக்ஸ், இசட், யூ, டபிள்யூ இவற்றில் ஓர் எழுத்து. பிறகு கழித்தல் குறி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பிறகு ஒன்றோ பலவோ இலக்கங்கள். அதற்கு அடுத்து இலக்கமும் வரக் கூடாது, புள்ளியும் வரக் கூடாது. ‘இலக்கமும் வரக் கூடாது’ என்பதை விட்டுவிட்டால் ‘62.’-இல் 6-ஐ மட்டும் பிடித்துச் சிவப்பாக்கிவிடும், ஏனென்றால் 6-க்கு அடுத்து வருவது 2, புள்ளி இல்லையே. சரியாக எழுதிய வரியும் சிவக்கும். அப்படிப் பொய்யாகச் சிவக்கிற திரையைக் கொஞ்ச நாளில் யாரும் மதிக்க மாட்டார்கள்.

தமிழுக்கு வருவோம். இங்கேதான் என் ஆதங்கம்.

தமிழில் நிரல் எழுதலாம் என்று காட்டியவர்களில் முத்து அண்ணாமலை முக்கியமானவர். அமெரிக்காவில் இருந்துகொண்டு 2007-இல் அவர் தொடங்கிய எழில் மொழி, 2013-இல் எல்லோருக்கும் திறந்த மூலமாக வெளிவந்தது. அச்சிடச் சொல்ல ‘பதிப்பி’, நிபந்தனைக்கு ‘ஆனால்’, மறுபக்கத்துக்கு ‘இல்லை’, சுற்றுக்கு ‘ஆக’, கட்டத்தை மூட ‘முடி’. நிபந்தனையை முன்னால் வைத்து ‘ஆனால்’ என்பதைப் பின்னால் வைத்தது தமிழ் வாக்கிய ஓட்டத்துக்குப் பொருந்திய நல்ல முடிவு. அதற்கென்றே ‘எழுதி’ என்ற எடிட்டரும் செய்யப்பட்டது.

இந்தச் சொற்களுக்கு நிறம் கொடுக்க நீங்களே ஒரு விதி எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ‘முடி’ நிறம் பெற வேண்டும். ஆனால் யாராவது ஒரு மாறிக்கு ‘முடிவு’ என்று பெயர் வைத்தால் அதன் முதல் பாதி நிறம் பெறக் கூடாது. ஆங்கிலத்தில் இதற்கு வழி சுலபம். சொல்லின் இரு புறமும் பேக்ஸ்லாஷ்-பி (\b) என்ற எல்லைக் குறியை வைத்தால் போதும். தமிழில் வைத்துப் பாருங்கள். பைத்தானோடு வரும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் பகுதி ம, ட, வ ஆகியவற்றை எழுத்து என்று ஒப்புக்கொள்கிறது. ி, ு என்ற உயிர்க்குறிகளையும் மெய்ப்புள்ளியையும் எழுத்தின் பகுதி என்று ஒப்புக்கொள்வதில்லை. விளைவு தலைகீழ். தனியே நிற்கும் ‘முடி’ இகரக் குறியில் முடிவதால், அங்கே சொல் முடிந்தது அதற்குத் தெரிவதில்லை, நிறமும் வராது. ‘முடிவு’ என்ற சொல்லில் இகரக் குறிக்கும் வகரத்துக்கும் நடுவே எல்லை இருப்பதாக அது நினைப்பதால், அங்கே ‘முடி’ நிறம் பெற்றுவிடும்! வர வேண்டிய இடத்தில் வராமல், வரக் கூடாத இடத்தில் வரும்.

இதே காரணத்தால் ‘பதிப்பி’, ‘இல்லை’, ‘ஆனால்’ எதற்கும் நிறம் கிடைக்காது. ‘ஆக’ மட்டும் தப்பிக்கும், அகரத்தில் முடிகிறது என்ற ஒரே புண்ணியத்தால். ‘ஆகாது’ என்று எழுதினால் அதன் தலையிலும் ‘ஆக’வின் நிறம் ஏறும். இந்தக் குறை 2007-லேயே பைத்தானின் பிழைப் பட்டியலில் பதிவானது. தேவநாகரி முதலான மற்ற இந்திய எழுத்துகளுக்கும் இதே கதிதான்.

ஜாவாஸ்கிரிப்டில் பேக்ஸ்லாஷ்-பி தமிழ் எழுத்து எதையுமே எழுத்தாகக் கருதுவதில்லை. ஆகவே அதை வைத்து எழுதிய விதியில் ‘முடி’ எங்கேயும் நிறம் பெறாது. விஎஸ் கோட் பயன்படுத்தும் ஓனிகுருமா என்ற பகுதி உயிர்க்குறிகளையும் சொல்லின் பாகமாகவே எடுத்துக்கொள்கிறது. அங்கே ‘முடி’ சரியாக நிறம் பெறும், ‘முடிவு’ தப்பும். விஎஸ் கோடை வெளியிடும் அதே மைக்ரோசாஃப்ட்டின் மொனாக்கோ எடிட்டருக்கு மொழி விதி எழுதினால் ஜாவாஸ்கிரிப்ட் முறையில்தான் எழுத வேண்டும், அதனால் பிரச்சினை திரும்பி வந்துவிடும். ஒரே விதி மூன்று இடத்தில் மூன்று விதமாக நடக்கிறது. விதி எழுதியவர் தன் மேல்தான் பிழை என்று நினைத்து விட்டுவிடுவார்.

எழில் போன்ற முயற்சிகளுக்கு மட்டும் உள்ள சங்கடம் என்று ஒதுக்க வேண்டாம். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தான் இருக்கிறது. பைத்தானோடு சேர்ந்தே வரும் ஐடில் என்ற எடிட்டரில் எத்தனையோ பிள்ளைகள் எழுதுகிறார்கள். கீவேர்டு ஆரஞ்சு, மேற்கோளுக்குள் பச்சை, கமென்ட் சிவப்பு, புதிதாக வரையறுக்கும் செயற்கூற்றின் பெயர் நீலம். செயற்கூற்றுக்குத் தமிழில் பெயர் வைக்கப் பைத்தான் 3 முழுமையாக அனுமதிக்கிறது. ‘டெஃப்’ அடித்து ‘கூட்டு’ என்று பெயர் வைத்தால் நிரல் குறையில்லாமல் ஓடும். ஆனால் பெயரைப் பிடிக்கிற ஐடிலின் விதி, ‘ஏதாவது ஓர் எழுத்து’ என்று பொருள்படும் பேக்ஸ்லாஷ்-டபிள்யூவை (\w) நம்பியிருப்பதால், நீலத்துக்குத் தகுதி பெறுவது ‘க’ ஒன்றுதான். ‘கூ’ என்ற ஒற்றை எழுத்தின் நடுவே நிற எல்லை விழுகிறது. தமிழ்வழியில் படிக்கும் ஒரு பிள்ளைக்கு இது என்ன சொல்லும்? ‘தமிழில் பெயர் வைத்தது தப்பு’ என்றுதான் சொல்லும். பிள்ளை தப்புச் செய்யவில்லை. தப்பு, எழுத்து என்றால் என்ன என்று அந்த விதி வைத்திருக்கும் கணக்கில்.

மருந்து கடினமானதும் இல்லை. பேக்ஸ்லாஷ்-பி, பேக்ஸ்லாஷ்-டபிள்யூ இரண்டையும் தமிழ் வரக்கூடிய இடத்தில் நம்பக் கூடாது. ‘முன்னாலும் பின்னாலும் எழுத்தோ சார்குறியோ இல்லை’ என்று விரித்து எழுத வேண்டும். யூனிகோட் ஒவ்வொரு குறிக்கும் அது எழுத்தா, எழுத்தைச் சார்ந்த குறியா என்று வகை சொல்லியிருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் 2018 முதல் அந்த வகைகளைப் பெயர் சொல்லி அழைக்கலாம். பைத்தானில் ‘ரெஜெக்ஸ்’ என்ற தனிப் பொதி சரியாக நடந்துகொள்கிறது. மேக்ஸ் பிரன்ஸ்ஃபெல்ட் தொடங்கிய ட்ரீ-சிட்டர், சொல் வடிவத்தை ஒட்டி நிறம் கொடுப்பதை விட்டு, நிரலை முழுதாகப் பகுத்தே நிறம் கொடுக்கிறது. 2018-இல் ஆட்டம் எடிட்டரில் தொடங்கி இன்று நியோவிம் வரை அது பரவிவிட்டது. அதிலும் பெயர் என்றால் என்ன என்று யாரோ ஒருவர் எழுதத்தான் வேண்டும், அந்த யாரோ தமிழை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

நீங்கள் எடிட்டர் விதி ஏதேனும் எழுதுபவராக இருந்தால், வெளியிடும் முன் முடி, முடிவு, ஆக, ஆகாது, கூட்டு என்ற ஐந்து சொற்களை அதில் ஓட்டிப் பாருங்கள். மாணவராக இருந்தால், உங்கள் எடிட்டரில் தமிழ்ப் பெயர் பாதி நிறத்தோடு நின்றால், அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, எந்த எடிட்டர், எந்தப் பதிப்பு என்று குறித்து, அந்தத் திட்டத்தின் பிழைப் பட்டியலில் பதியுங்கள். இவற்றில் பெரும்பாலானவை திறந்த மூலத் திட்டங்கள். திருத்தம் ஒரு வரியில் முடியக்கூடும், அந்த ஒரு வரியை அனுப்ப யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.